தூசி மெஷின்ல போன சாம்பிராணி தணல்

சேரா, நான் பெசன்ட் நகர்ல உங்கக்கா வூட்டுக்குப் போறேன். சாவி எதிர் வூட்டுல கீது. மீன் கொழம்பு வெச்சிருக்கேன், சுட வெச்சு துன்னு.

நேத்து சாம்பிராணி போட்டுட்டு, தட்டுல இருந்த சாம்பல உன் பொண்டாட்டி வைதேகி உன் தூசி மெஷின்ல உறிஞ்சிட்டா. உள்ள நீ எழைச்ச மரத்தூள் ரொம்பி கீது, தணல் பட்டா சும்மா வுடுமா? குபுகுபுன்னு பொகை. பாப்பா பக்கத்துல தூங்கிகினு இருந்துச்சு. நான்தான் பேட்டரிய புடுங்கிட்டு தண்ணி ஊத்தி அணைச்சேன். நீ வந்து "மெஷின நாசம் பண்ணிட்டியே, கெயவி"ன்ன. வைதேகி வாயே தொறக்கல.

அந்த பேட்டரி சூடாயிடுச்சு, மொட்டமாடில தனியா வெச்சிருக்கேன், சார்ஜ் போட்றாத. இனிமே தூள தெனம் கொட்டு. பைய தொறக்கசொல்ல பேட்டரிய கழட்டிடு. மாஸ்க் போடு, உங்கப்பன் மாதிரி இருமிகினு கெடக்காத. சாம்பல ஆறவுட்டு மொறத்துல அள்ளணும்னு அவளுக்கு நீ சொல்லு. நான் சொன்னா ஏறாது.

அப்புறம், கைல எழுதி வெக்காம இந்த கெயவி இன்னாத்துக்கு பாப்பாவோட டேப்லட்ல அடிச்சு அனுப்பிருக்குன்னு நெனப்ப. பேட்டரி புடுங்கசொல்ல வலது கை வெந்துபோச்சு. நீ மெஷினத்தான பாத்த.