கீரனூர் பாட்டுக்கு முப்பத்திநாலு மார்க்

முப்பத்தைந்து என்ற பாஸ் மார்க்குக்கு ஒன்று குறைத்துப் போட்டே ஒரு தாலுகாவை நடுங்க வைத்த என் அன்பு மாப்பிள்ளை சூசைக்கு,

நாலு பேர் படிக்கப் போகிற கடிதமாயிற்றே, தங்கையின் புருஷனை மரியாதையாக 'நீங்கள்' என்று எழுதலாமே என்று மூன்று தாள் கிழித்தேன். வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பல வருஷம் 'வாடா போடா' என்று இருந்துவிட்டு, தாலி கட்டிய மறுநாள் காலையில் எல்லார் முன்னாலும் "வாங்க மாப்ள, காப்பி சாப்பிடுங்க" என்று நான் சொன்னபோது, நீ சிரித்த சிரிப்பில் காப்பி உன் மூக்கு வழியாக வந்தது. இப்போது நீ இருக்கும் இடத்தில் வெள்ளை உடுப்பு வேறு போட்டிருப்பாய். எதற்கு வம்பு? 'நீ' என்றே எழுதுகிறேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் உனக்கு வருஷப் பூசை. கூட்டம் எப்படி என்று கேட்பாய். வேளாங்கண்ணித் திருவிழா பிச்சை வாங்க வேண்டும். பஸ்ஸெல்லாம் திருச்சியிலேயே நின்றுவிட்டதாகக் கேள்வி. சரி, முறைக்காதே, நூறு பேர் இருந்தார்கள். உன் பழைய மாணவர்கள் மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டே நின்றார்கள். ஒருவனுக்குத் தலை முழுக்க நரை. சாமியார் உட்காரச் சொல்லியும் அவன் உட்காரவில்லை, நீ சொல்லவில்லையே.

ஆனால் நான் எழுத வந்தது அதை அல்ல. கீரனூர் பாட்டைப் பற்றி.

படிக்கிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன். பொறுத்துக்கொள். எண்பதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில் இருந்த என் சித்தப்பா, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் அனுப்பினார். அப்புறம் வருஷத்துக்கு இரண்டு மூன்று கேசட். அங்கே ரேடியோவில் ஓஹோ என்று ஓடிய இங்கிலீஷ் பாட்டுகளை அவரே பிடித்து அனுப்பியவை. பாட்டின் பெயர் கிடையாது, பாடியவன் பெயர் கிடையாது. நம் ஊரில் அப்படிப்பட்ட பாட்டைக் கேட்ட காது மொத்தம் நாலு. என்னுடையது இரண்டு, உன்னுடையது இரண்டு. அந்த நாலு காதை வைத்து நாம் நிறுவியதுதான் அகில உலக ஆங்கிலப் பாட்டு மதிப்பீட்டு ஆணையம். தலைமையகம், எங்கள் வயல் மோட்டார் ரூம். தலைவர் நான். தேர்வாளர் நீ. உறுப்பினராக விண்ணப்பித்தவர் ஒரே ஒருவர், என் தங்கை பிலோமி. "பொம்பளப் புள்ளைக்கு மோட்டார் ரூம்ல என்ன வேலை?" என்று தலைவர் அதை நிராகரித்தார். அன்று நீ மார்க் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாய். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மோட்டார் ரூமில்தான் பிளக் பாயிண்ட் இருந்தது. கரண்டு வந்தால் மோட்டாரும் ஓடும், பாட்டும் ஓடும். ஆகவே உலகப் புகழ் பெற்ற அத்தனை பாட்டையும் நாம் ஐந்து குதிரைசக்தி மோட்டார் பின்னணியில்தான் கேட்டோம். பாடியவர்களே அப்படிக் கேட்டிருந்தால் ஊருக்கு ஒரு மோட்டார் வாங்கிப் பாடியிருப்பார்கள்.

உன் மார்க் கஞ்சத்தனத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆரம்பத்திலேயே "ஆ..." என்று மூச்சுவிடாமல் இழுப்பானே ஒருவன், நாம் 'கொட்டாவி' என்று பெயர் வைத்தோமே, அவனுக்கு நான் நூற்றுக்கு நூற்று நாற்பது கொடுத்தேன். நீ ஐம்பத்திரண்டு. "கொட்டாவி விட்டதுக்கெல்லாம் மார்க் கெடையாது மச்சான்." தொண்டை கட்டிய குரலில் ஒரு பெண் பாடுவாளே, ஜலதோஷக்காரி, அவளுக்கு முந்நூறு கொடுத்தேன். நீ அறுபத்தொன்று கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் அதை ஐம்பத்தொன்பதாகத் திருத்தினாய்.

மிஷின் கொட்டு வந்த பாட்டுக்கு நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? ஆள் இல்லாமலே தன்பாட்டுக்குக் கொட்டும் மேளம். அந்தக் காலத்தில் அது புதுசு. நான் சொக்கிப்போனேன். நீ அன்று மட்டும் மோட்டாரை அணைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டாய்.

"இதுல வேர்வை இல்லடா. கொட்டுறவனுக்குக் கை வலிக்கணும். வலிச்சாத்தான் நடுவுல ஒரு அடி லேசா விழும். அந்த லேசான அடியிலதான்டா பாட்டு இருக்கு."

"கொட்டுறவனுக்குச் சோறு போட வேணாம்ல, அந்த மிச்சத்தைப் பாரு" என்றேன். நாற்பத்தொன்று போட்டாய். இன்றைக்கு எங்கே பார்த்தாலும் மிஷின் கொட்டுதான் மாப்ள. கேட்கும்போதெல்லாம் உன்னுடைய அந்த லேசான அடியைத் தேடுகிறேன். நீ சொன்னது சரி. இதை உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லியிருந்தால் நீ தலைகால் புரியாமல் ஆடியிருப்பாய், அதனால்தான் சொல்லவில்லை.

இன்னொரு சட்டம் வைத்திருந்தாய். அந்தப் பாட்டுகளில் பாதி, முடிவு என்று ஒன்று இல்லாமல் மெல்ல மெல்லச் சத்தம் குறைந்து காணாமல் போகும். அதற்குப் பத்து மார்க் கட். "பரீட்சைத் தாளை முடிக்காம எந்திரிச்சுப் போறான் பாரு" என்பாய். நீ மட்டும் எப்படிப் போனாய்? அப்படித்தானே? உனக்கும் பத்து மார்க் குறைத்திருக்கிறேன். மேல்முறையீடு செல்லாது.

சரி, கீரனூர் பாட்டு. அது வந்த அன்று மோட்டார் ரூம் ஓடு பறந்தது. எங்கேயோ கடலுக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரன், நம் ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற கீரனூரின் பெயரைச் சொல்லி உருகுகிறான். "கீரனூ... கீரனூ..." பன்னிரண்டு தடவை. நான் எண்ணினேன். கீரனூர் சந்தைக்கு வந்து எவளையோ பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் என்று தீர்ப்பு எழுதினேன். நூற்றுக்கு ஆயிரம். கண்ணில் நீர்.

நீ முகம் மாறாமல் முப்பத்திநாலு போட்டாய்.

"ஏன்டா?"

"ஊர்ப் பேரைப் பாதியில முழுங்குறான். 'ர்' எங்க? உச்சரிப்புப் பிழை. பெயில்."

ஆணையத்தின் சட்டம் கொடூரமானது. வெற்றுக் கேசட் கிடைக்காத காலம் என்பதால், பெயிலான பாட்டின் மேல் வேறு எதையாவது பதிந்து அழித்துவிட வேண்டும். பெயிலாக்கியவனே அழிக்க வேண்டும். நீ கேசட்டை வீட்டுக்குக் கொண்டுபோனாய். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தாய். கீரனூர் இருந்த இடத்தில் நம் கோவில் பாடகர் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது, அதுவும் சுருதி சேராமல். நான் பதினோரு நாள் உன்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்காததால் பேசினேன். ஆனால் நாற்பது வருஷமாக, ஒவ்வொரு நல்லது கெட்டதிலும் அந்த முப்பத்திநாலை உன் இலையில் ஊறுகாய் மாதிரி வைத்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது, ஒரு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்று. திருச்சி ஆஸ்பத்திரியில், நீ போவதற்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம். மூக்கில் குழாயோடு என் கையைப் பிடித்தாய்.

"மச்சான்... அந்த முப்பத்திநாலு... அது நியாயமான மார்க் இல்லடா."

நான் என்ன செய்தேன்? என் வாய்தான் பிறக்கும்போதே ஒட்டிக்கொண்ட சனியனாயிற்றே. "மறுகூட்டலுக்குக் கடைசித் தேதி நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு வாத்தியாரே. ஆபீஸ் சாத்தியாச்சு" என்றேன். நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாயிற்று. நர்ஸ் வந்து என்னை வெளியே துரத்தினாள். மறுபடி நான் உள்ளே வந்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அப்புறம் நீ பேசவேயில்லை.

நீ எதையோ சொல்ல ஆரம்பித்தாய். நான் சிரிக்க வைத்து அடைத்துவிட்டேன். உனக்குத் தெரியுமா, இந்த ஒரு வருஷத்தில் நான் சாப்பிட்ட சோற்றுக்கெல்லாம் அதுதான் ஊறுகாய்.

பூசை முடிந்து, பந்தி முடிந்து, உன் மகள் ஸ்டெல்லா உன் பீரோவை ஒழுங்கு செய்தாள். அடித்தட்டில் ஒரு சாக்பீஸ் பெட்டி. உள்ளே ஒரு கேசட். அட்டையில் உன் சிவப்பு மை: '34'. வேறு ஒன்றும் இல்லை.

"மாமா, இது என்ன? அப்பா யாருக்கோ மார்க் போட்டு வச்சிருக்காங்க?"

என் டூ-இன்-ஒன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, பெல்ட் மட்டும் தொய்ந்திருந்தது. அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துப் புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். பெல்ட் மாற்றிக் கொடுத்தவர், "பழைய டேப்புங்க, நடுவுல அறுந்தாலும் அறுந்துரும், பாத்துக்குங்க" என்றார். திருமயம் கோட்டைப் பீரங்கிக்கு மருந்து கெட்டித்தவன்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டான், நான் பயந்த பயம்.

நேற்றுக் காலை, உன் வீட்டு முன்னறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். பிலோமி இந்த ஒரு வருஷமாக வீட்டில் ஒரு பாட்டுப் போடவில்லை, டி.வி. சத்தம்கூட இல்லை. "போடணும்னா போடு" என்று மட்டும் சொன்னாள். அழுத்தினேன்.

கீரனூர் பாட்டு! அழியவில்லை மாப்ள, அழிப்பதற்கு முன்பே வேறொரு கேசட்டில் நகல் எடுத்து வைத்திருக்கிறாய். நாலு நிமிஷம். சத்தம் மெல்லக் குறைந்து காணாமல் போகப் போகிற இடத்தில், மறுபடி முதலிலிருந்து. மறுபடியும். அந்தப் பக்கம் ஏழு, இந்தப் பக்கம் ஏழு. பதினாலு தடவை! ஒருத்தனைப் பெயிலாக்கிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பதினாலு தடவை பரீட்சை எழுத வைத்த வாத்தியாரை நான் கேள்விப்பட்டதில்லை.

"இதை எங்கடா பதிஞ்சான்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

பிலோமி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "கீரனூர்லதான்ணே. நான் டைப்ரைட்டிங் போனேன்ல, அதுக்கு அடுத்த கடைதான் கேசட் பதியிற கடை. ஒரு நா கிளாஸ் பூரா அதே பாட்டு ஓடுச்சு. நாங்க எட்டுப் பிள்ளைகளும் ஏ, எஸ், டி, எஃப்-ஐ அந்தத் தாளத்துக்குத்தான் அடிச்சோம். கடை வாசல்ல யாரு நின்னாங்கன்னு நான் பாக்கலன்னா நெனச்ச?"

"பாத்தியா?"

"அன்னைக்கு மட்டும் ஒம்பது தப்பு அடிச்சேன்."

அப்போதுதான் இந்த மண்டைக்கு வெளிச்சம் வந்தது. தினமும் என் தங்கை போய் வந்த ஊரின் பெயர் அந்தப் பாட்டில் இருந்தது. அதற்கு நீ தொண்ணூறு போட்டிருந்தால் நான் உன் முகத்தைப் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் பிடித்திருப்பேன். நான் அண்ணன்காரன், கையில் மோட்டார் ஸ்பேனர் வேறு. ஆகவே முப்பத்திநாலு.

ஸ்டெல்லா மட்டும் காதை ஸ்பீக்கரிடம் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பெங்களூரில் நாள் முழுக்க வெள்ளைக்காரனோடு போனில் பேசுகிற பிள்ளை.

"மாமா, கீரனூரும் இல்ல, குளத்தூரும் இல்ல. 'கேன் ஐ நோ யூ'ங்கிறான். உன்னைத் தெரிஞ்சுக்கலாமான்னு கேக்குறான்."

மோட்டார் சத்தம் இல்லாமல் நான் அதை முதல்முறையாகக் கேட்டேன். ஆமாம்.

பிலோமி சிரித்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. "அதைக் கேக்கத்தான் உங்கப்பாவுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு" என்றாள். அப்புறம் அழுதாள். நாங்கள் தடுக்கவில்லை. பாட்டு அதுபாட்டுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

நீ இங்கிலீஷ் வாத்தியார் வேலைக்குப் படித்தவன். உனக்கு அன்றைக்கே சரியாகக் கேட்டிருக்குமா? கேட்டும், என் கீரனூரை என்னிடமிருந்து பிடுங்க மனமில்லாமல் இருந்தாயா? ஆஸ்பத்திரியில் சொல்ல வந்தது அதையா, இதையா? தெரியவில்லை. இரண்டையும் சொல்ல வந்தாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆணையத்தின் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. மார்க்கைத் திருத்த இரண்டு உறுப்பினர் கையெழுத்து வேண்டும். நீ எழுதிய சட்டம். அதனால் நேற்று அவசரக் கூட்டம் போட்டு, நாற்பது வருஷமாக நிலுவையில் இருந்த ஒரு விண்ணப்பத்தைத் தலைவர் ஏற்றுக்கொண்டார். புது உறுப்பினர் பிலோமினா சூசை நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

நான் ஆயிரம் போடுவேன், லட்சம் போடுவேன் என்று நீ நினைப்பாய். போடவில்லை. உன் பள்ளிக்கூடத்துப் பையன்கள் ரேங்க் கார்டில் செய்வார்களே, நீ காதைத் திருகுவாயே, அதைத்தான் செய்தேன். மூன்றின் திறந்த வாயை இரண்டு கோட்டால் மூடினேன். எட்டாயிற்று. எண்பத்திநாலு. நீ உன் வாழ்நாளில் யாருக்கும் போடாத மார்க். கீழே நான் ஒரு கையெழுத்து, அவள் ஒரு கையெழுத்து.

இனிமேல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் அந்த டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வருவேன், ஒரு பக்கம் போடுவேன், பிலோமி போதும் என்கிறவரை. டேப் அறுந்தால் ஒட்டுவேன். அவள் பேசும்போது குறுக்கே ஜோக் அடிக்க மாட்டேன். இது சத்தியம். இதில் மட்டும் மிகையே கிடையாது.

நான் அங்கே வரும்போது என் காதைத் திருகிக்கொள்.

உன் பிலோமிக்கு அண்ணன்,
உன்னிடம் ஒரு தடவைகூடப் பாஸாகாத,
உன் மச்சான்