அந்தக் கதைகளை ஏன் படித்தேன்

அன்புள்ள உங்களுக்கு,

விவாகரத்துத் தாள்கள் வந்து சேர்ந்தன. கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டீர்கள்: "ராஜா காலத்துக் காதல் கதைன்னா சந்தோஷமா இருக்க வேணாமா? பஞ்சம், போர், சாவுன்னு இதைப் போய் ஏன் விழுந்து விழுந்து படிக்கிற?"

"பொழுது போகணும்ல" என்று மழுப்பிவிட்டேன். உண்மையான பதிலை இப்போதாவது சொல்கிறேன்.

அந்தக் கதைகளில் ஒன்றில் ஒரு படகோட்டி வருவான். கொள்ளைநோயில் செத்த குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து, பெண்டாட்டி மடியில் தலைவைத்து வாய்விட்டு அழுவான். அவளும் அவன் தலையைக் கோதிக்கொண்டே அழுவாள். மறுநாள் அடுப்பெரிக்க விறகுகூட இருக்காது. ஆனாலும் ஒரே பாயில்தான் படுப்பார்கள். அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தேனோ, கணக்கில்லை.

நம் மகள் உயிரில்லாமல் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள், "நடந்தது நடந்துபோச்சு, மறந்துடு" என்றீர்கள். உங்களைக் கல்நெஞ்சுக்காரர் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். அப்புறம் தினமும் காலையில், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நீங்கள் அழுவது எனக்குக் கேட்கத்தான் செய்தது. நான் கதவைத் தட்டவில்லை. புத்தகத்தோடு உட்கார்ந்து, முன்பின் தெரியாத அந்தப் படகோட்டிக்காக அழுதுகொண்டிருந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அவளுக்கு மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

நீங்களும் வைத்திருந்தீர்களா?

இன்றுவரை உங்கள்
மனைவி