அப்பாவின் இடது கட்டைவிரல்

மார்ச் 4, செவ்வாய்

முடிவு ஒட்டிவிட்டார்கள். எழுத்தில் எண்பத்தொன்று. உடலை அறுத்துப் பிரிக்கும் டிசெக்‌ஷனில் வகுப்பிலேயே முதல். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் இருபத்திரண்டு. தோல்வி.

அந்த இருபத்திரண்டு எதற்கு என்றுதான் புரியவில்லை. நான் "வணக்கம் சார்" மட்டும்தான் சொன்னேன்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு முன்கையைக் காட்டி, "இது என்னம்மா?" என்றார். அந்த முன்கையைத் தோலுரித்துப் பிரித்து வைத்ததே நான்தான். மூன்று வாரம். அதில் எனக்குத் தெரியாத இழை கிடையாது. ஆனால் வாய் வரவில்லை. அவர் கையைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

எங்கள் நான்காம் மேசையில் பேசாதவர்கள் இரண்டு பேர். ஒருவர், இறந்தபின் உடலைத் தானமாகக் கொடுத்த எழுபது வயது அம்மையார். அவருக்காவது காரணம் இருக்கிறது.

மறுதேர்வு ஜூன் பத்து.

மார்ச் 5, புதன்

கறிக்கடைக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். விலா எலும்பை வெட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை பாடம்?"

"ஒண்ணு."

"எதுல?"

"பேசுறதுல."

"அதுக்கெல்லாமா பரீட்சை வைக்கிறாங்க?" என்றவர், கறி வாங்க வந்தவரிடம் திரும்பி, "நம்ம பொண்ணு மெடிக்கல் காலேஜ்ல படிக்குது" என்றார்.

பொய்யில்லை. எங்கள் துறையும் அதே கட்டடம்தான். டாக்டருக்குப் படிப்பவர்கள் மூன்றாம் மாடி. உடற்கூறியல் மட்டும் படிக்கும் நாங்கள் தரைத்தளம், குளிர்பதன அறைக்குப் பக்கத்தில்.

மார்ச் 11, செவ்வாய்

துறைத்தலைவர் "படித்தபின் என்ன ஆகலாம்" என்று ஒரு மணி நேரம் பேசினார். ஆசிரியர் ஆகலாம். ஆராய்ச்சிக்குப் போகலாம். செயற்கைக் கால் செய்யும் இடத்தில் சேரலாம். பிணப் பரிசோதனைக் கூடம், உடல்தான அலுவலகம், அறுவைக் கருவி விற்பனை. மருத்துவப் புத்தகங்களுக்குப் படம் வரையலாம்.

எதில் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்க எழுந்திருக்க வேண்டும், அதனால் கேட்கவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: "எந்த வேலைக்குப் போனாலும் நாலு பேர்கிட்ட விளக்கிச் சொல்லத் தெரியணும். படம் வரையறவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

மார்ச் 14, வெள்ளி

வகுப்பில் 'தைலம்' என்று பெயர் வாங்கிய மேசைக் கூட்டாளி, பிண நெடி தெரியாமலிருக்க மூக்கடியில் தடவும் தைலத்தை இன்று மறந்துவிட்டாள். பத்தே நிமிடத்தில் மயக்கம். தாங்கிப் பிடித்தேன். தரையைவிட நான் மெத்தையாக இருந்தேனாம்.

மார்ச் 22, சனி

அப்பாவுக்குக் கையில் வெட்டு. கடையில் கூட்டம், எலும்பிலிருந்து கறி பிரிக்கும் கத்தி வழுக்கியிருக்கிறது. இடது கட்டைவிரல், உள்ளங்கைப் பக்கம். துண்டைச் சுற்றிக்கொண்டு தெருக்கோடிக் கிளினிக்குக்கு அவரே நடந்து போயிருக்கிறார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஐந்து தையல் முடிந்திருந்தது.

"விரலை அசைங்க," என்றார் டாக்டர்.

அப்பா அசைத்தார். விரல் அடியிலிருந்து முன்னும் பின்னும் போனது. நுனி மடங்கவில்லை. குச்சி மாதிரி நின்றது.

"ஒண்ணுமில்ல. பத்து நாள்ல தையல் பிரிச்சிடலாம்."

நுனியை மடக்கும் தசைநாண் ஒன்றே ஒன்றுதான். முன்கையிலிருந்து வரும் வெள்ளை நாடா. நான்காம் மேசை அம்மையார் கையில் அதை இழுத்துப் பார்த்திருக்கிறேன், விரல் "வா" என்பதுபோல மடங்கும். அது அறுந்தால் மடங்காது.

டாக்டர் என்னைப் பார்த்து, "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

"இல்ல சார்," என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

வலியால் மடக்காமல் இருந்திருக்கலாம். வீக்கமாக இருக்கலாம். அவர் டாக்டர், நான் இருபத்திரண்டு மார்க்.

மார்ச் 24, திங்கள்

அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அம்மா போட்டுவிட்டாள்.

மார்ச் 26, புதன்

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எதற்கு? தெரியாததையா பார்க்கப் போகிறேன்? அறுந்த நாணின் மேல்துண்டு சும்மா இருக்காது, தசை அதை மேலே இழுத்துக்கொண்டே போகும். பக்கம் எண்கூட எனக்கு மனப்பாடம். வாயத் தொறந்தா என்னடி ஆயிடும் உனக்கு? தப்பா இருந்தா சிரிப்பாங்க. சிரிச்சா செத்தா போயிடுவ? நாலு நாளாச்சு. அப்பா கையி அது —

மார்ச் 27, வியாழன்

தைலத்திடம் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நாளாக ஆக உள்ள இழுத்துக்கும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் இங்க என்ன பண்ணிட்டு இருக்க?"

கையுறையைக் கழற்றி வைத்தேன். கிளம்பினேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையை எடுத்து, கட்டைவிரலின் அடி எலும்பைப் பிடித்துக்கொண்டு, "நுனிய மட்டும் மடக்குங்கப்பா" என்றேன். முகம் சிவக்க முயன்றார். ஒன்றும் நடக்கவில்லை.

"டாக்டரே ஒண்ணுமில்லேன்னுட்டாரு. நீ என்ன புதுசா?" என்றாள் அம்மா.

"உள்ள அறுந்திருக்கும்மா. அவரு தோலை மட்டும் தெச்சிருக்காரு. இப்படியே விட்டா விரல் கடைசி வரைக்கும் மடங்காது. நாளைக்குக் காலைல பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்."

அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சேர்ந்தாற்போல ஐந்து வார்த்தை பேசி அவர்கள் கேட்டதில்லை.

மார்ச் 28, வெள்ளி

பயிற்சி டாக்டர் கிளினிக் சீட்டைப் பார்த்து, "தசைநாண் பாதிப்பு இல்லை" என்று வாசித்தார்.

"இருக்கு," என்றேன்.

கை அறுவை நிபுணர் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். "யாரு சொன்னது?"

"நான்தான். அனாட்டமி படிக்கிறேன்."

"எது அறுந்திருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்."

சொன்னேன். எங்கே கிளம்பி, எதற்கு அடியில் புகுந்து, எங்கே போய் ஒட்டுகிறது என்பது வரைக்கும். அவர் அப்பா விரலைச் சோதித்துவிட்டுத் தலையசைத்தார்.

"அடிபட்ட அன்னைக்கே வந்திருந்தா சின்னதா முடிஞ்சிருக்கும். இப்ப மேல்துண்டு மணிக்கட்டுக்கு ஓடியிருக்கும், அங்கேயும் திறந்து தேடணும். எப்ப கவனிச்சீங்க?"

"நேத்து," என்றேன்.

பேச ஆரம்பித்த முதல் நாளே பொய்.

மார்ச் 29, சனி

அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை, இரண்டரை மணி நேரம். அறுந்த துண்டு மணிக்கட்டில்தான் கிடைத்ததாம். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற நர்சிடமெல்லாம், "எம்பொண்ணுதான் கண்டுபிடிச்சா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் நாலு தடவை எழுந்து போனேன்.

மே 10, சனி

ஆறு வாரம் முடிந்து கைக்கட்டைக் கழற்றினார்கள். நுனி மடங்குகிறது — பாதி. பயிற்சி கொடுக்கும் பெண், "இன்னும் கொஞ்சம் வரும். முழுசா வராது" என்றாள்.

அப்பா கடையில் கறி வெட்ட ஆள் போட்டிருக்கிறார். இவர் தராசுக்குப் பின்னால் நாற்காலியில். ஆள் கத்தி பிடிக்கிற விதத்தைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

ஜூன் 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அப்பா வெந்நீரில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"கிளினிக்ல அன்னைக்கே எனக்குத் தெரியும்ப்பா."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உனக்குத் தெரியும்னு. என் விரலையே முறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னியே. நானும் அப்பவே கேட்டிருக்கலாம். ஒண்ணுமில்லேன்னு அவரு சொன்னதும் தப்பிச்சோம்டா சாமின்னு எழுந்து வந்துட்டேன்."

விரலை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"கோவமாப்பா?"

"ஆமா."

"எவ்வளவு நாளைக்கு?"

யோசித்தார். "கை சரியாகுற வரைக்கும்."

முழுவதும் சரியாகாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் அப்பா என் அறை வாசலில் வந்து நின்று கையை நீட்டினார். "அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி மடக்கி விடு." இருபது தடவை மடக்கினேன். வேறு பேச்சு வேண்டாம், எண்ணிக்கை மட்டும் சத்தமாகச் சொல்ல வேண்டுமாம்.

ஜூன் 10, செவ்வாய்

மறுதேர்வு. வேறு தேர்வாளர், பாதத்தை எடுத்துக் காட்டினார். ஒரு தமனியைத் தப்பாகச் சொன்னேன். "மன்னிக்கணும், தப்பு" என்று திருத்தினேன். எட்டாவது நிமிடம் அவரே, "போதும்மா, அடுத்தவங்க காத்திருக்காங்க" என்றார்.

ஐம்பத்தெட்டு. தேர்ச்சி.

அடுத்த வருடம், ஆகஸ்ட் 3, திங்கள்

நோட்டை எங்கோ வைத்துவிட்டு ஒரு வருடமாகத் தேடவும் இல்லை. பட்டம் வாங்கியாயிற்று. துறையிலேயே வேலை, தானமாக வரும் உடல்களில் பயிற்சி எடுக்கும் இளம் அறுவை மருத்துவர்களுக்கு உடனிருந்து காட்டிக்கொடுக்கும் வேலை.

"அப்ப டாக்டருங்க உன்கிட்ட வந்து கத்துக்குவாங்களா?" என்றாள் அம்மா.

"ஆமா."

"அப்புறம் ஏன் அவங்க வாங்குறதுல பாதிகூட உனக்குச் சம்பளம் இல்ல?"

துறைத்தலைவரின் பட்டியலில் இந்தக் கேள்விக்கு இடம் இருக்கவில்லை.

செப்டம்பர் 17, வியாழன்

இன்று மணிக்கட்டுப் பயிற்சி. ஆறு மேசை, பன்னிரண்டு டாக்டர்கள். இரண்டாம் மேசையில் ஒருவர் கத்தரியைத் திறந்து வைத்திருந்தார்.

"நிறுத்துங்க," என்றேன்.

"கொழுப்புதானே?"

"இல்ல சார், நரம்பு. இதை வெட்டினா கட்டைவிரலால எதையும் பிடிக்க முடியாது."

அவர் முகம் சுளித்தார். துடைத்துப் பார்த்தார். கத்தரியை மூடினார். "ம்," என்றார். நன்றியை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மொத்தம் மூன்று முறை நிறுத்தச் சொன்னேன். இரண்டு முறை நரம்பு. ஒரு முறை நிஜமாகவே கொழுப்பு. மேசை முழுக்கச் சிரித்தார்கள். "சரி, வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன்.

வீட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டிவிட்டது. அம்மா கேட்டதற்கெல்லாம் சைகையில்தான் பதில். உப்புப் போட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். நாளை தோள்பட்டை, எட்டரைக்கே ஆரம்பம்.