சாவியில் போன ஒரு நிமிடம்

தம்புள்ளை, செவ்வாய்

உம்மாவுக்கு ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

என்னோடு சந்தையில் வேலை செய்யும் பழனிமுத்து அண்ணன் கண் திறந்ததாக இன்று காலை வார்டு தாதி சொன்னார். ஞாயிறன்று மரக்கறிச் சந்தையில் மூட்டை இறக்கும்போது விழுந்துவிட்டார். "வலிப்புடா, கையில இரும்பக் குடுங்க" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். நான்தான் லொறிச் சாவியைத் திணித்தேன். அம்புலன்ஸுக்கு அழைத்தபோது, "மூச்சு இருக்கா பாருங்க" என்றார்கள். இல்லை. அதற்குள் ஒரு நிமிடம் போயிருந்தது. அவர்கள் சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்தினேன். அம்புலன்ஸில் வந்தவர்கள் மின்னதிர்ச்சி கொடுத்த பிறகே இதயம் துடித்தது.

"நீங்க இல்லேன்னா இந்த மனுஷன் இல்ல தம்பி" என்கிறார் அவர் மனைவி சந்திரகாந்தா. சாவியைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

மணிக்கட்டு கொஞ்சம் வலிக்கிறது; உங்கள் தைலத்தை அனுப்புங்கள். என் மகள் நுஸ்லா பாடம் படிக்கும் சத்தத்தையும் போனில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள், அறையில் போட்டுக் கேட்பேன்.

லொறி வந்துவிட்டது. மூளைக்குப் பாதிப்பு உண்டா என்று வியாழக்கிழமை டாக்டர் சொல்வார். சந்திரகாந்தா அக்கா என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். துஆ செய்யுங்கள்.

மகன் ஸுஹைல்