இரண்டாவது மைக்

குரோருட், தை 18

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

வேலையில் ஒரு சின்னப் பிழை விட்டேன், பயப்பட வேண்டாம். நான் மேடை ஒழுங்கு செய்யும் மண்டபத்துக்கு மெக்சிகோவிலிருந்து, ரஞ்சேரா என்கிற அவர்களின் நாட்டுப்பாட்டுகளைப் பாடும் பாட்டுக்காரி ஒருவர் வந்தார். முப்பது வருடம் தன் அக்காவோடு சேர்ந்தே பாடியவர். அக்கா போன வருடம் இறந்துவிட்டார். மேடையில் இரண்டு மைக் நின்றன. “ஒராள்தானே பாடுறா, மற்றதை எடுங்கோ” என்றார் கூட வேலை செய்யும் தக்சன். எடுத்துவிட்டேன். பாட்டுக்காரி ஏசவில்லை. தானே போய் அதைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தார். பாட்டில் அக்கா பாடும் அடிகள் வந்தபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்றார். ட்ரம்பெட் மட்டும் கேட்டது. சனம் அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. எங்கள் அக்கா போன அன்றும் இப்படித்தான் இருந்தேன்.

கறித்தூள் முடிந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள். அக்காவின் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்குத் தேவாரம் பாடக் கேட்டீர்கள், “என்னாலை ஏலாது” என்றேன். இனி அப்படிச் சொல்லவில்லை, போனில் பாடுகிறேன். கோயிலில் அக்காவும் நானும் மாறி மாறிப் பாடிய மாதிரியே, என் அடிகளை மட்டும். இடையில் சத்தம் நின்றால், லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.

ஸ்டேஷனில் இருந்துதான் எழுதுகிறேன், ரயில் வருகிறது.

உங்கள் சின்ன மகள்,
ஆரபி