உள்ளறைச் சுவர்

சங்கரன்கோவில்
11-12-1977

அன்புள்ள அத்தானுக்கு,

சுந்தரபாய் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் உயிரோடு இருக்கிறேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. வருகிற தையோடு நம்ம பிள்ளை ரூபி போய் ஒரு வருஷம்.

கிறிஸ்மசுக்கு மூக்காண்டியை வைத்து வீடு முழுக்க வெள்ளையடித்தேன். உள்ளறையில் மட்டும், "இந்தச் சுவர விட்டுரு மக்கா"ன்னு சொல்லிவிட்டேன். போன கிறிஸ்மசுக்கு நீங்கள் வெள்ளையடித்தபோது, ரூபி நீலம் கரைத்த சட்டியில் இரண்டு கையையும் முக்கி அதில் அப்பினாளே, அது அப்படியே இருக்கிறது. பத்து விரலும் தெரிகிறது.

அடக்கம் முடிந்த மறுநாளே மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டீர்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒருதரம்கூட அழவில்லையே அத்தான். பண்டிகைக்காவது வாருங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
சுந்தரபாய்

மெட்ராஸ்
20-3-1979

பிரியமுள்ள சுந்தரத்துக்கு,

கோபப்படாதே. போன கிறிஸ்மசுக்கும் வர முடியாமல் போயிற்று. சினிமா செட்டில் எடுபிடியாகச் சேர்ந்தவன் இன்று என்ன ஆனேன் தெரியுமா? நான் ஜோடித்த செட் பிடித்துப்போய் ஒரு நடிகர், "என் வீட்டு ஹாலையும் இதே மாதிரி ஆக்கித் தாய்யா" என்றார். ஆக்கிக் கொடுத்தேன். இப்போது மூன்று நட்சத்திர வீடுகள் கையில் இருக்கின்றன!

ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் சேலை அடுக்கினவன்தானே நான். காலேஜ் வாசலை மிதித்ததில்லை. பழைய பேப்பர் கடையில் வெளிநாட்டுப் புத்தகம் வாங்கி, படம் பார்த்துப் படித்ததுதான். நம்ம ஊர்த் தறித் துணியைத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டால் நடிகைகள் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

உன் கடிதங்களை ஓட்டமாகத்தான் வாசிக்கிறேன். முழுசாக வாசித்தால் அன்றைக்கு வேலை ஓடாது. பிள்ளை நினைப்பு வந்துவிடும்.

உன்,
யோவான்

மெட்ராஸ்
25-11-1981

சுந்தரம்,

உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? நீ வாசுதேவநல்லூரில் இருக்கிற சமயம் பார்த்து ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டாதே. கனகமணி மதினியிடம் சாவி வாங்கி, என் ஆட்களை விட்டு நம்ம வீட்டையே மாற்றிவிட்டேன்! ஊரார் வீட்டையெல்லாம் அலங்கரிக்கிறவன் பெண்டாட்டி வீடு சுண்ணாம்போடு கிடக்கலாமா?

உள்ளறைக்குச் சந்தன நிறம். அங்கே ஏதோ நீலக்கறை, எத்தனை கோட் அடித்தாலும் எட்டிப் பார்க்கிறது என்று மேஸ்திரி டிரங்கால் போட்டுக் கேட்டான். "ஏலே, சுரண்டி எடுத்துட்டு அடி"ன்னு நான்தான் சொன்னேன். இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறதாம்.

கிறிஸ்மசுக்கு நிச்சயம் வாரேன். பத்திரிகைப் போட்டோக்காரரும் வருகிறார். சொந்த வீட்டில் நானும் நீயும் நிற்கிற படம் வேண்டுமாம். அது முடிந்ததும் உன்னை மெட்ராஸுக்குக் கூட்டி வந்துவிடுவேன். நல்ல வீடு பார்த்தாயிற்று.

உன்,
யோவான்

சங்கரன்கோவில்
3-12-1981

அத்தான்,

கதவைத் திறந்தவள் யார் வீடோ என்று ஒரு நிமிஷம் திகைத்துப்போனேன். பிறகு உள்ளறைக்கு ஓடினேன்.

அது கறையா அத்தான்? ரூபியின் கை. எழுதியிருந்தேனே. எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரியாதா? "ஏட்டி, சுவரப் பாழாக்கிட்டியே"ன்னு சிரித்துக்கொண்டே அவள் கையைத் துடைத்துவிட்டது நீங்கள்தானே? சாயங்காலம் விளக்கேற்றினதும் தினமும் என் கையை அதன்மேல் வைத்துக்கொள்வேன். சுரண்டின தூளாவது மூலையில் கிடக்குமா என்று தேடினேன். உங்கள் ஆட்கள் பெருக்கிக் கழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பிள்ளையை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போய் ஒரு படம் எடுக்க நமக்கு வாய்க்கவில்லை. இப்போது அந்தச் சுவரைப் படமெடுக்க மெட்ராஸிலிருந்து ஆள் வருகிறார்கள்!

தெரிந்து செய்திருந்தால் மெட்ராஸுக்கே வந்து சண்டை போட்டிருப்பேன். மறந்துபோன மனுஷரிடம் என்னத்தைச் சண்டை போட?

நீங்கள் வந்தால் சேர்ந்து அழலாம் என்றுதான் இத்தனை வருஷம் இங்கன காத்துக்கிடந்தேன். யாருக்காக அழுகிறோம் என்று இனி உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அது என்னால் முடியாது. நாளைக்கு அம்மாவிடம் போறேன், திரும்புகிற எண்ணமில்லை. நீங்கள் அங்கே வர வேண்டாம். சாவி மதினியிடம் இருக்கும். வீடு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் மட்டும் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரூபியின் அம்மா