பல்லுக்காரனும் கோட்டுக்காரனும்

ஞாயிறு, இரவு.

என் வகுப்பு ரேகாவின் காமிக்ஸை நாளை திருப்பிக் கொடுக்க வேண்டும். ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் மீராவுக்காக இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் கதை. ஒருவன் காட்டேரி. முந்நூறு வயதாகியும் மீசை முளைக்கவில்லை. இன்னொருவன் கோட்டு கசங்கும் என்று சண்டைக்கே வரமாட்டான். இரண்டும் தண்டம்.

அப்பா பார்த்தால் அடுப்பில் போடுவார் என்று, அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துப் போடும் பைக்குள், அடியில் ஒளித்தேன். ஞாயிறுதானே, லீவு என்று நினைத்தேன். கொழுந்து முற்றுகிறதென்று இன்றும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எடை போடும் இடத்தில் அம்மா பையைக் கொட்ட, இலையோடு புத்தகமும் விழுந்திருக்கிறது.

"ஏனுங்க அக்கா, உங்க புள்ளைக்கு மாப்பிள்ளை யாருங்க? பல்லுக்காரனா, கோட்டுக்காரனா?" என்று அட்டைப் படத்தைப் பார்த்த செல்வி அக்கா கேட்க, எல்லோரும் சிரித்தார்களாம்.

"அப்பா நைட் ஷிப்ட் முடிஞ்சு வரட்டும்" என்று மட்டும் அம்மா சொன்னாள். புத்தகத்தைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் தூங்கியிருப்பாள், உருவிவிடலாம் என்று இப்போது போர்வையை விலக்கிப் பார்த்தேன். அம்மா செல்போன் வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"கோட்டுக்காரன் சரியில்லடி" என்றாள், திரும்பாமலே.

போயும் போயும் அம்மாவும் அந்தப் பல்லுக்காரன் கட்சி.

அப்பா காலை ஆறு மணிக்கு வந்துவிடுவார். அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இன்னும் முப்பது பக்கம் இருக்கிறது.